நிழற்படமும் காணொளியும் தொகுத்தற்கேற்ற கணினி

ஒரு காரியம் நிகழ்தற்கு மூவகைக் காரணங்கள் வேண்டும் என்பர் தருக்க நூலார். குடத்துக்கு மண் முதற்காரணம். தண்டமும் சக்கரமும் துணைக்காரணம். குயவன் நிமித்த காரணம். நிழற்படத்தைச் செம்மை செய்வோர்க்கும் காணொளியைத் தொகுப்போர்க்கும் இவ்வுவமை நன்கு பொருந்தும். கமரா பதிந்து தந்த ஒளி மண், தொகுப்பவர் குயவர், கணினி சக்கரம். சக்கரம் விலையுயர்ந்ததாயின் குடம் தானே அழகுறும் என எவரும் கருதார். எனினும் சக்கரம் சுழலாதவிடத்துக் கைதேர்ந்த குயவனும் செயலற்றிருத்தல் கண்கூடு. ஆதலின், துணைக்காரணமாகிய கணினியை அதற்குரிய இடத்தில் வைத்து ஆராய்தல் முறையாகும்.

இன்று கல்லூரிப் பரிசளிப்பு விழா முதலாகக் கோயிற் கொடியேற்றம் ஈறாக யாவும் படமாகப் பதியப்படுகின்றன. ஆசிரியர் தம் பாடத்தைக் காணொளியாக்குகின்றார். மாணவர் குறும்படம் எடுக்கின்றனர். முதியோர் தம் குடும்பத்துப் பழம்படங்களைக் கணினியில் ஏற்றிப் புதுக்குகின்றனர். இவர்க்கெல்லாம் ஒரு கணினி வேண்டும். நடுத்தரக் குடும்பமொன்றுக்கு அதன் விலை பல மாத வருவாய்க்குச் சமம். ஆராயாது வாங்குவோர் இருவகையில் இழப்புறுவர். போதாத கருவியை வாங்கியவர் காலத்தை இழப்பர். மிகையான கருவியை வாங்கியவர் பொருளை இழப்பர். விற்போர் கூறும் பெயர்களும் எண்களும் இவ்விழப்பைத் தடுக்க மாட்டா. செய்யவிருக்கும் பணி எத்தகைத்து என முதலில் அறிதலே அதனைத் தடுக்கும் வழி.

கணினிக்குப் படம் என்பது எண்களின் நிரலேயாகும். 1957 ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவின் தேசிய நியமங்கள் பணியகத்தில் ரசல் கேர்ஷ் என்பாரும் அவர்தம் உடனுழைப்பாளரும் ஒரு நிழற்படத்தை முதன்முதலாக எண்களாக்கிக் கணினியுட் செலுத்தினர். அது கேர்ஷின் மூன்று மாதக் குழந்தையின் படம். நீளத்தில் 176, அகலத்தில் 176 என அஃது 30,976 புள்ளிகளாகப் பகுக்கப்பட்டது. ஒவ்வொரு புள்ளியும் கறுப்பு, வெள்ளை என்னும் இரண்டில் ஒன்றாகவே பதியப்பட்டது. அதனினும் மிக்க நுட்பத்தை அக்காலத்துக் கணினி தாங்கியிருக்க மாட்டாது. படத்தின் பருமனும் கணினியின் ஆற்றலும் ஒன்றையொன்று அளவிடும் என்னும் உண்மை அன்றே வெளிப்பட்டது. இன்றும் அது மாறவில்லை.

இக்காலத்து நடுத்தரக் கமரா ஒன்றின் படத்தை எடுத்துக்கொள்வோம். அதன் நீளம் 6000 புள்ளிகள். அகலம் 4000 புள்ளிகள். ஆகமொத்தம் 2 கோடியே 40 இலட்சம் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்னும் மூன்று நிறங்களின் அளவு குறிக்கப்படல் வேண்டும். நுண்ணிய செம்மையாக்கத்தில் நிறமொன்றுக்கு 2 பைற்று வீதம் புள்ளியொன்றுக்கு 6 பைற்று ஆகும். எனவே ஒரு படம் நினைவகத்தில் விரிக்கப்படும்போது 144 மெகாபைற்று இடத்தைக் கொள்கின்றது. நிறத்தைத் திருத்த ஓர் அடுக்கு, பின்னணியை மாற்ற ஓர் அடுக்கு என முழுமையான பத்து அடுக்குகள் அமைப்பின் அது 1440 மெகாபைற்று ஆகின்றது. முன்செய்த திருத்தத்தை நீக்கிப் பழைய நிலைக்கு மீள்வதற்காகக் கணினி வைத்துக்கொள்ளும் பிரதிகளும் இதனோடு சேரும். நிழற்படப் பணியில் கணினி பெரும்பாலும் நினைவகப் பற்றாக்குறையாலேயே தளர்கின்றது என்பது இக்கணக்காற் பெறப்படும்.

காணொளியின் இயல்பு வேறு. 4கே எனப் பொதுவாக வழங்கும் காணொளியின் ஒரு படச்சட்டத்தில் 3840 பெருக்கல் 2160, அஃதாவது 82,94,400 புள்ளிகள் உள. புள்ளியொன்றுக்கு 3 பைற்று எனக் கொள்ளின் ஒரு சட்டம் ஏறத்தாழ 25 மெகாபைற்று. செக்கனுக்கு 25 சட்டங்கள் ஓடுவதால் ஒரு செக்கனுக்கு ஏறத்தாழ 622 மெகாபைற்று. ஒரு மணி நேரத்துக்கு 2 தெராபைற்றுக்கும் மேல். இத்துணைப் பெருக்கத்தை எந்தச் சிறு கமராவும் அவ்வாறே பதிந்து வைத்தல் இயலாது. ஆகவே அது சுருக்கப்படுகின்றது. செக்கனுக்கு 100 மெகாபிற்று என்னும் வழக்கமான அளவிற் சுருக்கப்பட்டால் அதே காணொளி மணிக்கு 45 கிகாபைற்று அளவில் அடங்கும். ஏறத்தாழ ஐம்பதில் ஒரு பங்காகக் குறையும்.

இச்சுருக்கம் நிகழுமாற்றைக் கடைக் கணக்கேடு ஒன்றைக் கொண்டு விளக்கலாம். முதல் நாளிற் கடையிலுள்ள பொருள்கள் யாவும் முழுமையாக எழுதப்படுகின்றன. அடுத்த நாள்களில் விற்றனவும் வந்தனவும் மாத்திரம் குறிக்கப்படுகின்றன. ஏட்டின் அளவு இதனாற் குறையும். ஆனால் பன்னிரண்டாம் நாளிற் கடையில் இருந்தவை யாவை என ஒருவர் வினவின், முதல் நாளிலிருந்து கூட்டியும் கழித்துமே விடை காணல் வேண்டும். 2003 இல் வகுக்கப்பட்ட எச்.264, 2013 இல் வகுக்கப்பட்ட எச்.265 என்னும் சுருக்க முறைகள் இவ்வாறே இயங்குகின்றன. சில சட்டங்கள் மாத்திரம் முழுமையாகவும் ஏனையவை மாற்றங்களாகவும் பதியப்படுகின்றன. காணொளியைத் தொடக்கத்திலிருந்து பார்த்துச் செல்வோர்க்கு இதனால் இடரில்லை. தொகுப்பவரோ முன்னும் பின்னும் தாவுகின்றார்; நடுவில் வெட்டுகின்றார்; இரு காட்சிகளை ஒருங்கே ஓட்டுகின்றார். அவர் தாவுந்தோறும் கணினி கணக்கேட்டைப் புரட்டிக் கூட்ட வேண்டியதாகின்றது. காணொளிப் பணியிற் கணினி திணறுதற்குப் பெருங்காரணம் இதுவே.

ஆகவே நிழற்படத்துக்கு வேண்டுவன போதிய நினைவகமும் உண்மை நிறங் காட்டும் திரையுமாம். காணொளிக்கு அவற்றோடு, சுருக்கத்தை விரைந்து விரிக்கும் உறுப்பும், விரைவும் பருமனும் உள்ள சேமிப்பகமும், நெடுநேரம் உழைத்தும் வெப்பத்தால் மெலியாத உடலும் வேண்டும். இவ்வேறுபாட்டை மனத்திற்கொண்டு உறுப்புகளைத் தனித்தனியே நோக்குவோம்.

முதலாவது முறைவழியி. இதனைக் கணினியின் மூளை என்பர். இக்காலத்து முறைவழியி ஒன்றினுள் பல கருக்கள் உள்ளன. கருக்களின் எண்ணிக்கை இரட்டித்தால் வேகமும் இரட்டிக்கும் எனப் பலர் நம்புகின்றனர். 1967 ஆம் ஆண்டில் ஜீன் அம்டால் என்னும் கணினி அறிஞர் எடுத்துக்காட்டிய விதி இந்நம்பிக்கையைத் திருத்துகின்றது. ஒரு பணியின் நான்கில் மூன்று பங்கைப் பலர் பகிர்ந்து செய்யலாம், எஞ்சிய ஒரு பங்கை ஒருவரே செய்தல் வேண்டும் எனக் கொள்வோம். எட்டுக் கருக்கள் அப்பணியை ஏறத்தாழ 2.9 மடங்கு விரைவில் முடிக்கும்; பதினாறு கருக்கள் 3.4 மடங்கு விரைவில் முடிக்கும். கருக்கள் எண்ணிறந்தனவாயினும் வேகம் நான்கு மடங்கைத் தாண்டாது. நிழற்படச் செம்மையாக்கத்திற் பல செயல்கள் ஒரு கருவின் வேகத்தையே சார்ந்தன. எட்டுக் கருக்களுக்கு மேல் மிகைப்பணம் செலுத்துமுன், அப்பணத்தால் நினைவகம் எவ்வளவு பெறலாம் என எண்ணிப் பார்த்தல் அறிவுடைமை.

இரண்டாவது வரைவியல் அலகு. ஒரே வகைச் சிறு கணக்குகளைப் பல்லாயிரக்கணக்கான புள்ளிகளுக்கு ஒருங்கே செய்தல் இதன் தொழில். நிறத்திருத்தம், படத்திலுள்ள மணிமணியான இரைச்சலை நீக்கல், செயற்கை நுண்ணறிவாற் பின்னணியைப் பிரித்தல் ஆகியவை இதனைச் சார்ந்தன. சுருக்கப்பட்ட காணொளியை விரிப்பதற்கெனத் தனியே அமைந்த பொறியும் பெரும்பாலும் இதனுள்ளேயே அடங்கும். ஈண்டு ஒரு நுட்பம் உளது. கமராக்கள் சில 4:2:2 என வழங்கும் நிறச்செறிவு மிக்க முறையில் எச்.265 காணொளியைப் பதிகின்றன. விலைமிக்க வரைவியல் அட்டைகள் பல, 2025 ஆம் ஆண்டுக்கு முன் வெளிவந்தவை, இவ்வகைப் பதிவைத் தம் பொறியால் விரிக்க மாட்டாதன. இன்ரெல் நிறுவனத்தின் மலிவான முறைவழியிகள் சில அதனை அதற்கு முன்னரே செய்தன. ஆகவே, தம்முடைய கமரா எவ்வகையிற் பதிகின்றது என்பதை அறிந்து, அவ்வகையை விரிக்கும் பொறி உள்ளதா என வினவுதல் வேண்டும். கூடுமாயின் தம் கமராவின் பதிவொன்றைக் கடைக்கே கொண்டு சென்று ஓட்டிப் பார்த்தல் நன்று. விலைப்பட்டியல் தராத விடையை அச்சோதனை தரும்.

மூன்றாவது நினைவகம். நிழற்படத்துக்கும் முழு உயர் தெளிவுக் காணொளிக்கும் 16 கிகாபைற்று குறைந்தபட்சத் தேவை எனலாம். 4கே காணொளிக்கும் பல அடுக்குப் படங்களுக்கும் 32 கிகாபைற்று தகும். மேசைக்கணினியில் நினைவகத்தைப் பின்னர் கூட்டலாம். மெல்லிய மடிக்கணினிகள் பலவற்றில் அது தாய்ப்பலகையோடு ஒட்டப்பட்டிருத்தலின் கூட்டுதல் இயலாது. 2020 இல் அப்பிள் நிறுவனம் வெளியிட்ட எம்1 முதலாக அதன் மடிக்கணினிகள் யாவும் அத்தன்மையன. அவற்றின் நினைவகத்தை முறைவழியியும் வரைவியல் அலகும் பங்கிட்டுக் கொள்கின்றன. இத்தகைய கணினியை வாங்குவோர் இன்றைய தேவையை மாத்திரமன்றி ஐந்தாண்டுக்குப் பிந்திய தேவையையும் வாங்கும் நாளிலேயே கணித்தல் வேண்டும்.

நான்காவது சேமிப்பகம். நிமிடத்துக்கு 7200 முறை சுழலும் வன்றட்டு ஒரு சுற்றை முடிக்க ஏறத்தாழ 8.3 மில்லிசெக்கன் ஆகும். வேண்டிய தரவு காந்தமுனையின் கீழ் வருமட்டும் கணினி காத்திருத்தல் வேண்டும். திண்மநிலைச் சேமிப்பகத்திற் சுழலும் உறுப்பில்லை. ஆதலின் அக்காத்திருப்பும் இல்லை. வன்றட்டு செக்கனுக்கு 100 முதல் 200 மெகாபைற்று வரை வாசிக்கும். பழைய சாற்றா இணைப்பிலமைந்த திண்மநிலைச் சேமிப்பகம் 500 மெகாபைற்றுக்கு மேலும், என்விஎம்ஈ இணைப்பிலமைந்தது சில ஆயிரம் மெகாபைற்றும் வாசிக்கும். தொகுக்கும் வேலை திண்மநிலையில் நடைபெறுதலும், முடிந்த வேலை மலிவான வன்றட்டில் உறங்குதலும் சிக்கனமான ஏற்பாடு. மூன்று மணி நேர விழாவொன்றை இரண்டு கமராக்களில் முற்கூறிய அளவிற் பதியின் 270 கிகாபைற்று ஆகும். 512 கிகாபைற்றுச் சேமிப்பகம் ஒன்றில் இயக்க முறைமையும் மென்பொருள்களும் போக எஞ்சுவது இத்தகைய ஒரு விழாவுக்கே போதும். எனவே காணொளிப் பணிக்கு 1 தெராபைற்றிற் குறைதல் தகாது.

இவையெல்லாம் பெறுதற்குப் பொருள்வளம் இல்லாதார் சோர்வுறல் வேண்டா. வால்ரர் மேர்ச் என்னும் புகழ்மிக்க திரைப்படத் தொகுப்பாளர் 2003 இல் வெளிவந்த 'கோல்ட் மவுண்டன்' என்னும் படத்தை, கடைகளில் எவரும் வாங்கக்கூடிய பவர் மாக் ஜி4 கணினிகளிலே, பைனல் கட் புரோ என்னும் மென்பொருள் கொண்டு தொகுத்தார். அக்கணினிகள் இன்றைய எளிய மடிக்கணினியினும் ஆற்றலிற் குறைந்தன. படச்சுருளின் தெளிவு குறைந்த காணொளிப் பிரதியைக் கணினியில் வைத்து வெட்டியும் ஒட்டியும் முடிவுகளைத் துணிந்து, பின்னர் அம்முடிவுகளை மூலப் படச்சுருளின்மேல் நிறைவேற்றும் முறையே அதற்குக் கைகொடுத்தது. இம்முறை இன்றும் எல்லார்க்கும் உரியது. தொகுப்பு மென்பொருள்கள் பலவும் மூலக் காணொளிக்குப் பதிலாகச் சிறிய பதிலிப் பிரதியை ஆக்கித் தரும். தொகுப்பவர் பதிலியை வைத்து உழைப்பர். இறுதி வெளியீட்டின்போது மென்பொருள் மூலத்தைத் தானே எடுத்துக்கொள்ளும். இவ்வொரு வழக்கத்தைக் கற்றுக்கொண்டவர்க்குப் பழைய கணினியும் பல ஆண்டு பயன்படும்.

ஐந்தாவது திரை. வாங்குவோர் பெரிதும் புறக்கணிப்பது இதனையே. முறைவழியி மெதுவாயின் வேலை தாமதிக்கும், முடிவு கெடாது. திரை பொய் கூறின் முடிவே கெடும். மணப்பெண்ணின் கூறைச் சேலை திரையில் மங்கிய சிவப்பாய்த் தோன்றினால் தொகுப்பவர் சிவப்பைக் கூட்டுவர். அச்சிற் பார்க்கும்போது அது கண்ணைக் குத்தும். திரை அளவுக்கு மிஞ்சி ஒளிர்ந்தால் அவர் படத்தை இருட்டாக்குவர். அச்சிட்ட முகங்கள் கருகித் தோன்றும். திரைகள் காட்ட வேண்டிய நிறவெல்லையாக எஸ்ஆர்ஜிபி என்னும் நியமம் 1996 இல் முன்மொழியப்பட்டது. உயர் தெளிவுத் தொலைக்காட்சி நியமமான றெக். 709 உம் அதே மூல நிறங்களையே கொண்டது. ஆகவே எஸ்ஆர்ஜிபி எல்லையை முழுமையாகக் காட்டும் திரை பெரும்பாலான நிழற்படத்துக்கும் காணொளிக்கும் ஒருங்கே போதும். மலிவான மடிக்கணினித் திரைகள் பல இவ்வெல்லையில் ஏறத்தாழ ஐந்தில் மூன்று பங்கையே காட்டுகின்றன. பக்கத்திலிருந்து பார்ப்பினும் நிறம் மாறாத ஐபிஎஸ் வகைத் திரையைத் தெரிதலும், நிறமானி கொண்டு அதனை இடையிடையே சீர்செய்தலும் வேண்டும். நிறமானி ஒன்றைப் பலர் கூட்டாக வாங்கிப் பகிர்ந்துகொள்ளலாம். கல்லூரியின் நிழற்படக் கழகத்துக்கு அஃது ஏற்ற உடைமை.

ஆறாவதாக உடலையும் வெப்பத்தையும் கருதல் வேண்டும். கணினி தான் உட்கொள்ளும் மின்சாரம் அனைத்தையும் ஈற்றில் வெப்பமாகவே வெளிவிடுகின்றது. மெல்லிய மடிக்கணினியில் அவ்வெப்பம் விரைந்து வெளியேற வழியில்லை. சில நிமிடங்களுள் கணினி தன்னைக் காத்தற்பொருட்டு வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். நம் நாட்டு வெயிற்காலத்தில் இது மிகும். இடம்பெயர்ந்து தொழில் செய்யாதவர் மேசைக்கணினியைத் தெரிதலே நன்று. அதே விலைக்கு மிக்க ஆற்றலும், பழுதான உறுப்பை மாற்றும் வசதியும் அதில் உண்டு. ஆயின் மேசைக்கணினிக்கு மின்கலம் இல்லை. 2022 ஆம் ஆண்டில் இலங்கையில் நாள்தோறும் பல மணி நேரம் மின்சாரம் துண்டிக்கப்பட்டதை எவரும் மறந்திரார். எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் அறுமாயின் கோப்பு சிதையும். தடையில்லா மின்வழங்கி ஒன்றின் விலையையும் மேசைக்கணினியின் விலையோடு சேர்த்தே எண்ணுதல் வேண்டும்.

இவற்றுக்கெல்லாம் முன்னர்த் துணிய வேண்டுவது மென்பொருள். பைனல் கட் புரோ அப்பிள் கணினிகளில் மாத்திரமே இயங்கும். டாவின்சி றிசோல்வ் விண்டோஸ், மாக், லினக்ஸ் மூன்றிலும் இயங்கும். அதன் இலவசப் பதிப்பே மாணவர்க்குப் பெரிதும் போதும். பழைய கணினி வாங்குவோர் மற்றொன்றையும் நோக்குதல் வேண்டும். விண்டோஸ் 10 இற்கான பொதுவான ஆதரவு 2025 ஒக்ரோபரில் முடிவுற்றது. 2018 இற்கு முந்திய கணினிகள் பல விண்டோஸ் 11 இனை முறைப்படி ஏற்கமாட்டா. இன்ரெல் முறைவழியி கொண்ட அப்பிள் கணினிகளுக்கு 2025 இல் வெளியான இயக்க முறைமையே இறுதியானது. மலிவு கருதி இவற்றை வாங்குவோர் எஞ்சிய ஆயுளையும் கணக்கிட்டு விலை பேசுதல் வேண்டும்.

கைப்பொருளைப் பகிரும் முறை இதனால் தெளிவாகும். நிழற்படமே தொழிலாயின் திரைக்கும் நினைவகத்துக்கும் முதலிடம்; நடுத்தர முறைவழியி போதும். காணொளியே தொழிலாயின் விரிக்கும் பொறியுடைய வரைவியல் அலகு, 32 கிகாபைற்று நினைவகம், திண்மநிலைச் சேமிப்பகம் ஆகியவற்றுக்கு முதலிடம். இரண்டையும் செய்வோர் காணொளிக்கென வாங்குக. திரையில் மாத்திரம் குறை வையாதொழிக. இவர் யாவரும் ஒரு பங்கைப் பிரதிகளுக்கென ஒதுக்குதல் கடமை.

இறுதியிற் கூறிய இதுவே யாவற்றினும் தலையாயது. சேமிப்பகம் எவ்வகையதாயினும் ஒரு நாள் அழியும். கணினி பழுதாயின் மற்றொன்று வாங்கலாம். மறைந்த பாட்டனாரின் குரலும் முகமும் பதிந்த ஒரே காணொளியை எக்கடையிலும் வாங்கலாகாது. 1981 ஆம் ஆண்டில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் சாம்பராயின. அச்சிற் பல பிரதிகளாய்ப் பரவியிருந்தவை பின்னர் வேறிடங்களிலிருந்து தேடிப் பெறப்பட்டன. ஒரே பிரதியாயிருந்த ஏட்டுச் சுவடிகள் மீளவில்லை. 2005 இல் தொடங்கப்பெற்ற நூலகம் திட்டம் ஈழத்துத் தமிழ் நூல்களை எண்ணிமப் பிரதிகளாக்கிப் பலரும் எடுத்துக்கொள்ளுமாறு வைத்திருத்தலின் அருமை இதனாற் புலப்படும். ஒவ்வொரு வீடும் தன் படங்களுக்கு அவ்வாறே செய்யலாம். பிரதிகள் மூன்று இருத்தல் வேண்டும். அவை இருவகைச் சேமிப்பகங்களில் இருத்தல் வேண்டும். ஒன்றேனும் வேறிடத்தில் இருத்தல் வேண்டும். வெளிநாட்டு உறவினர் வீட்டில் உறங்கும் சிறு வன்றட்டும் இப்பணிக்கு ஆகும்.

பணியை அளந்து, கமராவின் பதிவை அறிந்து, மென்பொருளைத் துணிந்து, நினைவகத்தையும் திரையையும் புறக்கணியாது, பிரதிக்கு ஒரு பங்கு ஒதுக்கி வாங்கப்படும் கணினி விலையிற் சிறியதாயினும் பயனிற் பெரியதாகும். சக்கரம் குயவனின் கைக்கு இசைந்து சுழலுமாயின் அதற்குமேல் அதனிடத்து எதிர்பார்ப்பதற்கு ஒன்றுமில்லை. எஞ்சியன யாவும் மண்ணின் தன்மையும் கையின் பயிற்சியுமேயாம்.